186 கட்ஆஃபுக்கு கிண்டி கிடைக்குமா?

உங்கள் மகள் கணிதத்தில் 95, இயற்பியலில் 92, வேதியியலில் 90 எடுத்திருக்கிறார். கணிதம் அப்படியே 95, மற்ற இரண்டிலும் பாதி: 46, 45. மொத்தம் 200-க்கு 186. பொறியியல் சேர்க்கைக்கு இதுதான் அவருடைய கட்ஆஃப். இதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்று ஒப்பிடாதீர்கள். ஒரு கல்லூரியில் இடங்கள் முடியும் கட்ஆஃப் வருடத்துக்கு வருடம் நகரும். கணிதத் தாள் எளிதாக வந்த வருடத்தில் அதே 186 பல ஆயிரம் ரேங்க் பின்னால் போய்விடும். அதனால் தரவரிசைப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். வந்ததும் பொது ரேங்க், சமூகப் பிரிவு ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் அவற்றை வைத்துத்தான்.

பொறியியல் கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு வரிசையிலும் மதிப்பெண், ரேங்க், மாணவரின் சமூகம், கல்லூரி எண், பாடப்பிரிவு, எந்தப் பிரிவு இடம் ஒதுக்கப்பட்டது என்பவை இருக்கும். கல்லூரி எண் 1 அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி, 4 அதன் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பலர் தவறு செய்வது 'சமூகம்', 'ஒதுக்கப்பட்ட பிரிவு' என்ற இரண்டு கட்டங்களில்தான். பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) மாணவர் நல்ல ரேங்க் எடுத்திருந்தால் அவருக்கு ஓ.சி. (பொதுப் பிரிவு) இடமே கிடைத்திருக்கும். எனவே உங்கள் மகள் பி.சி. என்றால், ஒதுக்கப்பட்ட பிரிவு பி.சி. என்று உள்ள வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் கடைசி ரேங்க் எது என்று பாருங்கள். அதுதான் உங்களுக்கான எல்லைக்கோடு. மூன்று வருடங்களுக்கு இப்படிப் பாருங்கள். 2021-ஐ மட்டும் தொடாதீர்கள். அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள்.

'கிண்டி கிடைக்குமா' என்ற கேள்வியே அரைகுறை. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் 199-ஐ ஒட்டி முடியும், 186-க்கு பி.சி.யிலும் எட்டாது. அதே வளாகத்தில் மைனிங், பிரிண்டிங், ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் எவ்வளவோ கீழே இறங்கி வரும். கல்லூரி வேண்டுமா, பாடப்பிரிவு வேண்டுமா என்பதை வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சாய்ஸ், அதாவது கல்லூரி, பாடப்பிரிவு விருப்பங்களைப் பதியும் நாளில் பேச நேரமிருக்காது.

பழைய எல்லைக்கோட்டை அப்படியே நம்பவும் கூடாது. நல்ல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. இடம் கூடினால் கோடு இறங்கும். இந்த வருட இடங்களின் எண்ணிக்கையைப் போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: பி.எஸ்.ஜி., தியாகராஜர் போன்ற கல்லூரிகளில் ஒரே பெயருள்ள பாடம் அரசு உதவி, சுயநிதி என இரண்டாக இருக்கலாம். பாடப்பிரிவின் குறியீடு வேறு, கட்டணமும் வேறு. கட்டணத்தைப் பார்க்காமல் குறியீட்டைப் பதிந்துவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் வருடா வருடம் உண்டு.

சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். குறைந்தது அறுபது கொடுங்கள். வரிசை உங்கள் விருப்பப்படி இருக்கட்டும், கிடைக்கும் வாய்ப்பைப் பார்த்து அல்ல. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும். எட்டாத கல்லூரி மேலே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கெடுவது வேறிடத்தில்: 'சும்மா இருக்கட்டும்' என்று நடுவில் போட்ட, போக விருப்பமில்லாத கல்லூரி கிடைத்துவிடும். கிடைத்தாலும் சேரமாட்டோம் என்றால் எழுதவே வேண்டாம். கடைசி பதினைந்து, போன வருட எல்லைக்கோடு உங்கள் ரேங்கைவிட நன்றாகப் பின்னால் உள்ளவையாக இருக்கட்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அந்த இடத்தை ஏற்கிறீர்களா என்று பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் குறைவு. வந்ததை ஏற்றுக்கொண்டு, உங்கள் பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பணம் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் கையில் ஓர் இடம் நிற்கும். மேலே ஏதாவது கிடைத்தால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. எந்தப் பதிலும் சொல்லாமல் அவகாசம் முடிந்தால் இருக்கும் இடமும் போச்சு.