பிரிட்டனில் நகர கவுன்சில் தேர்தலில் வாக்களித்த அனுபவம் உண்டா? நம்மூர் உள்ளாட்சித் தேர்தல் போலத்தான் இருக்குமா?

உண்டு. ஷெஃபீல்டில் இருந்தபோது மூன்று முறை போட்டிருக்கிறேன். முதல் முறை 2021 மே 6.

நான் பிரிட்டிஷ் குடிமகன் இல்லை. அப்போது கையில் இருந்தது மாணவர் விசாதான். இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு அங்கே குடியிருந்தால் கவுன்சில் தேர்தலில் மட்டுமில்லை, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இது தெரியாமலே படித்து முடித்து ஊர் திரும்பிய இந்திய மாணவர்கள் பலரை எனக்கே தெரியும். எனக்கும் ஜனநாயக ஆர்வத்தால் தெரியவந்த விஷயமில்லை இது. தவணையில் போன் வாங்க அலைந்தபோது, "வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர், கிரெடிட் ஸ்கோர் ஏறும்" என்றார் கூடத் தங்கியிருந்த மலையாளி நண்பர். இணையத்தில் ஐந்து நிமிட வேலை. போனை மறந்தே போனேன், வாக்குப்பதிவு அட்டை தபாலில் வந்து விழுந்தது. அதே வருடம் ஏப்ரல் 6 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் ஊரில் இல்லாததால் ஓட்டுப் போட முடியவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, வேறு ஊரில் போட்டேன்.

வாக்குச்சாவடி எங்கள் தெரு முனை சர்ச்சின் கூடம். வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை. விடுமுறை கிடையாது. எனக்கு முன்னால் நாலே பேர், அதில் ஒருவர் நாயோடு. விரலில் மை வைக்கவில்லை. அடையாள அட்டையும் கேட்கவில்லை. பெயரையும் வீட்டு முகவரியையும் சொன்னேன், பட்டியலில் ஒரு கோடு போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா என்று ஒரு நிமிடம் நின்றேன். இயந்திரம் இல்லை, காகிதச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். கொரோனா காலம் என்பதால் பென்சிலை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

கையில் தந்தது மூன்று சீட்டுகள். ஒன்று வார்டு கவுன்சிலருக்கு. இன்னொன்று, ஷெஃபீல்டு இருக்கிற தெற்கு யார்க்‌ஷயரின் காவல்துறையை மேற்பார்வை பார்க்கும் ஆணையருக்கு. ஆமாம், அந்தப் பதவிக்கும் அப்போது தேர்தல்தான். மூன்றாவதுதான் விசேஷம்: இந்த நகர கவுன்சிலை எந்த முறையில் நடத்த வேண்டும் என்று மக்களையே கேட்ட வாக்கெடுப்பு.

அது ஏன் வந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "எல்லாம் மரத்தால் வந்தது" என்றார். 2012-ல் கவுன்சில் சாலைப் பராமரிப்புக்காக ஏமி நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது, 220 கோடி பவுண்ட். நகரத் தெருக்களில் இருந்த சுமார் 36,000 மரங்களில் 17,500-ஐ வெட்டிப் புதிதாக நடலாம் என்று அதில் ஒரு கணக்கு. வெட்ட ஆரம்பித்ததும் ஜனங்கள் மரத்தடியில் போய் நின்றுவிட்டார்கள். 2016 நவம்பரில் ரஸ்ட்லிங்ஸ் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போலீஸோடு வந்து, கதவைத் தட்டிக் காரை எடுக்கச் சொல்லி, மரங்களை வெட்டினார்கள். எழுபது வயதைத் தொட்ட இரண்டு பெண்மணிகளைக் கைது செய்தார்கள். போராட்டத்தில் நின்ற கிரீன் கட்சிக் கவுன்சிலர் ஒருவரை, அவர் உறுப்பினராக இருந்த கவுன்சிலே கோர்ட்டுக்கு இழுத்தது. அவர் ஜெயித்தார். 2018-ல் வெட்டு நின்றது. பிறகு வந்த விசாரணை அறிக்கை, கவுன்சில் நீதிமன்றத்தையே தவறாக வழிநடத்தியது என்று 2023-ல் சொன்னது.

கோபம் மரத்தோடு நிற்கவில்லை. மொத்தம் 84 கவுன்சிலர்கள் இருக்க, தலைவரும் அவரைச் சுற்றிய பத்துப் பேருமே எல்லாவற்றையும் முடிவு செய்வதா என்ற கேள்வி வந்தது. வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம். இருபதாயிரத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. முடிவில் சுமார் 65 சதவீதம் பேர், எல்லாக் கட்சியினரும் உட்காரும் குழு முறையே வேண்டும் என்றார்கள். 2022 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது. நானும் அதற்குத்தான் போட்டேன். எதையும் முடிவு செய்யாமல் இழுத்தடிப்பதற்கும் அதே முறை வசதியானது என்று பிற்பாடு ஒரு சந்தேகம் வந்தது, அது வேறு கதை.

அன்றைய தேர்தலிலும் வேடிக்கை. கவுன்சிலை ஆண்டுகொண்டிருந்த லேபர் கட்சி 41 இடத்தோடு நின்றுவிட்டது. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. கவுன்சில் தலைவர் பாப் ஜான்சன் (போரிஸ் இல்லை!) தன் ஹில்ஸ்பரோ வார்டிலேயே கிரீன் கட்சியிடம் தோற்றார்.

அப்புறம், நம்மூர் போலவா என்று கேட்டீர்கள். போஸ்டர், மைக், மாலை, பணம் எதுவும் கிடையாது. டெபாசிட்டும் இல்லை. 2021-ல் வேட்பாளர் செலவு வரம்பு ஒரு வார்டுக்கு இரண்டாயிரம் பவுண்டைக்கூடத் தொடவில்லை. அதனால் எல்லாம் துண்டுப் பிரசுரம்தான், அதுவும் தினம் ஒன்று. "இங்கே எங்களால் மட்டுமே ஜெயிக்க முடியும்" என்று ஒரு பட்டை வரைபடம், அதில் பட்டைகளின் உயரக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துப் போட்டார்களோ தெரியாது. வேட்பாளரே கதவைத் தட்டி நின்றார். பாலஸ்தீனம், பிரெக்ஸிட் பற்றியெல்லாம் பேசுவார் என்று தயாராக இருந்தேன், அவர் குப்பைத் தொட்டியையும் சாலைக் குழியையும் தாண்டவில்லை. மேயரும் நீங்கள் நினைக்கிற மேயர் இல்லை. லார்ட் மேயர் என்பவர் விழாக்களுக்குப் போகிற கௌரவப் பதவி. சோமாலியாவிலிருந்து அகதியாக வந்த மஜித் மஜித் 2018-ல் அந்த நாற்காலிக்கு வந்து, அதிகாரபூர்வ படத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போஸ் கொடுத்ததை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம்: ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள், ஆனால் ஒரு தேர்தலில் ஒருவர்தான். மூன்று வருடம் வரிசையாகத் தேர்தல், நாலாவது வருடம் ஓய்வு. அதனால் ஆட்சி ஒரே நாளில் கவிழாது, மெதுவாகத் தேயும்.

நீங்கள் அங்கே போவதாக இருந்தால் ஒரு விஷயம். 2023 மே முதல் இங்கிலாந்தில் புகைப்பட அடையாளம் கட்டாயம். அந்த வருடம் பல்கலைக்கழக அட்டையை நீட்டினேன், செல்லாது என்றார்கள். பின்னால் நின்ற தாத்தாவின் இலவச பஸ் பாஸ் செல்லுபடியானது. திரும்ப வீட்டுக்கு நடந்து இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தேன். அது செல்லும், காமன்வெல்த் பாஸ்போர்ட் எல்லாமே செல்லும். முதலிலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.