ஆபீசர் செய்ததற்கு மந்திரி ஏன் போகணும்?

கேள்வி: கீழே இருக்கும் அதிகாரி எடுத்த தப்பு முடிவுக்கு மந்திரி ராஜினாமா செய்வது என்ன நியாயம்? நேரு காலத்து நிதி அமைச்சர் டி.டி.கே. (டி.டி. கிருஷ்ணமாச்சாரி) அப்படித்தான் பலியானார் என்று என் தாத்தா சொல்வார்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாத்தா சொன்னது பாதி சரி. 1957 ஜூனில், பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத எல்.ஐ.சி., கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. பாலிசிதாரர்கள் கட்டிய பணம் அது. இதற்கென்றே இருந்த முதலீட்டுக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசம்பரில் இதை மக்களவையில் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளும் காங்கிரஸின் ஃபெரோஸ் காந்தி, அதாவது நேருவின் சொந்த மருமகன்!

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா விசாரித்தார். எல்லாம் பகிரங்கமாக, உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்கு வெளியே ஒலிபெருக்கி வைக்கிற அளவுக்கு. நிதிச் செயலாளர் எச்.எம். படேல், அமைச்சர் சம்மதத்தோடுதான் செய்தேன் என்றார். நான் சம்மதிக்கவே இல்லை என்றார் டி.டி.கே. செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, செயலாளர் பின்னால் அமைச்சர் ஒளிய முடியாது என்று சாக்ளா முடித்துவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். பட்ஜெட்டுக்குச் சில நாள்தான் பாக்கி, நேருவே வாசிக்க வேண்டியதாயிற்று.

அவர் காசு வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த பிறகாவது 'இது என் உத்தரவு இல்லை, ரத்து செய்யுங்கள்' என்று அவர் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. சபையில் கேட்டபோதும் முதலில் மழுப்பல்தான். பலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: அப்படியானால் அரியலூர் ரயில் விபத்துக்காக, அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி விலகியது?
– வாசகர், திருச்சி

பதில்: அது வேறு. தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டதில் சாஸ்திரியின் முடிவு எதுவும் இல்லை, தார்மீகப் பொறுப்பு மட்டும்தான். 1956-லேயே அதற்கு முன் மகபூப்நகர் விபத்துக்கும் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூரில்தான் ஏற்றார். எல்லா அமைச்சரிடமும் இதை எதிர்பார்த்தால் மந்திரிசபையில் ஆளே மிஞ்சாது, அது வேறு விஷயம்.

கேள்வி: ராஜினாமா செய்தவர்களை மக்கள் மறந்துவிடுவார்கள், அப்புறம் திரும்பி வந்துவிடுவார்கள், இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: வந்தார்களே! டி.டி.கே. 1963-ல் மறுபடி நிதி அமைச்சர், 1965 கடைசியில் மறுபடி ராஜினாமா. அந்தப் படேல்? 1977-ல் ஜனதா ஆட்சியில் அவரே நிதி அமைச்சர். அதே நிதித் துறை, இந்த முறை அவருக்குக் கீழே ஒரு செயலாளர்.