பெட்டியோடு மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி பாகப்பிரிவினையில் எனக்கு வந்தது. உள்ளே கனமான ஒரு உலோகத் தட்டும் மோட்டாரும் (காரார்ட் 301 என்று எழுதியிருக்கிறது), கறுப்பு உறையில் இரண்டு சின்ன கார்ட்ரிட்ஜ், கிராமபோன் சவுண்ட் பாக்ஸ் ஒன்று, ஊசி டப்பாக்கள், பித்தளைப் புனல் ஒன்று. பழைய சாமான் வியாபாரி புனலுக்குத்தான் விலை, மற்றதெல்லாம் சும்மா என்று சொல்லி, மொத்தத்துக்கும் 12,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? - காரைக்குடி வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னது அப்படியே தலைகீழ்.

காரார்ட் 301 இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஊரில் 1954இல் தொடங்கி 1965 வரை செய்த, இசைத்தட்டைச் சுழற்றும் மோட்டார், வானொலி நிலையங்களில் ஓடியது, இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்து மரப்பெட்டி செய்து மாட்டிக் கேட்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் வெளிநாட்டில் லட்ச ரூபாயைத் தாண்டி விற்கிறது. ஆனால் காரார்ட் என்ற பெயருக்காக மட்டும் யாரும் விலை கொடுப்பதில்லை. அதே கம்பெனியின் எஸ்பி 25 மாதிரி சாதாரண வீட்டு மாடல்கள் இதில் சிறு பங்குக்குக்கூடப் போகாது, அதனால் எப்போதும் மாடல் எண்ணைப் பாருங்கள். அப்புறம் தட்டைக் கழற்றி அச்சு உட்காரும் இடத்தைக் கவனியுங்கள்: திருகும் கிரீஸ் மூடி இருந்தால் முந்தைய வகை, அதற்குக் கிராக்கி அதிகம், பிந்தையது எண்ணெய் வகை. மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்க வேண்டும். ரப்பர் இறுகியிருந்தால் பரவாயில்லை, மாற்றுச் சக்கரம் கிடைக்கிறது.

தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். பல வருஷம் கிடந்த மோட்டாரை நேராகக் கரண்டில் சொருகவும் வேண்டாம். வோல்டேஜ் இணைப்பு 230க்குப் பொருந்துகிறதா, உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று தெரிந்தவர் பார்த்த பிறகு ஓட்டலாம்.

கார்ட்ரிட்ஜ் என்பது இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியைத் தாங்குகிற, கையில் அடங்குகிற சாமான், அதனாலேயே பலர் குப்பையில் போடுகிறார்கள். ஷூர், டெக்கா, ஆர்டோபோன் என்று எந்தக் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தாலும் எடுத்து வையுங்கள். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது, உடம்பு நன்றாக இருந்தால் ஊசி தேய்ந்திருந்தாலும் வாங்க ஆளுண்டு. ஊசியை விரலால் தொடாமல் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அதைத் தாங்குகிற மெல்லிய தண்டு வளைந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

சவுண்ட் பாக்ஸ் என்பது கிராமபோனில் ஊசியை மாட்டி ஒலி எழுப்புகிற பகுதி. அதில் அபிரகத் தகடு விரிசல் விடாமல் இருக்கிறதா, பின்பக்க உலோகம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசி டப்பாக்களுக்குச் சுமாரான விலைதான். புனலைப் பற்றி எனக்குச் சந்தேகம்: நம் நாட்டிலேயே புதிதாகப் பித்தளைப் புனல் அடித்து, நாய்ப்படம் ஒட்டிய கிராமபோன்களை எச்எம்வி என்று பல வருஷமாக விற்கிறார்கள். உங்களுடையதும் அந்த வகையாக இருக்கலாம்.

விலை பார்க்கும்போது இணையத்தில் கேட்கிற விலையை நம்பாதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். எல்லாவற்றையும் தனித்தனியாகப் படமெடுங்கள், எண்கள் தெரியும்படி, மோட்டாரின் அடிப்பக்கம் உட்பட. பெட்டிக்குள் உதிரியாகக் கிடக்கும் திருகு, ரப்பர் விரிப்பு எதையும் வீசாதீர்கள். பார்சல் அனுப்பும் நாள் வந்தால் தட்டை அச்சிலிருந்து கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்புங்கள், மாட்டியபடி அனுப்பினால் வழியிலேயே அச்சு அடிபட்டுவிடும்.