கட்சிப் பதவியும் நற்கருணையும்

திமுக கிளைச் செயலாளராக இருக்கும் கத்தோலிக்கர் நற்கருணை (பூசையில் தரப்படும் திருஅப்பம்) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பதவிக்காக நீங்கள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய வேண்டியதில்லை. நற்கருணை நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடவும் வேண்டாம். கட்சிகளில் இறங்கி வேலை செய்யக் கூடாது என்பது குருக்களுக்கான விதி (திருச்சபைச் சட்டம் 287). குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கு அதே சட்டத்தின் 227 சுதந்திரம் தருகிறது. நற்செய்தியின் உணர்வோடு, திருச்சபையின் போதனைக்குச் செவிகொடுத்து நடக்க வேண்டும்; சொந்தக் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று சொல்லக் கூடாது.

"நாத்திகர் கட்சியாச்சே" என்று அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) உங்களிடம் கேட்டாராம் ஒருவர். திராவிடர் கழகத்தையும் திமுகவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். 1949-இல் பிரிந்துவந்த அண்ணா பிடித்துக்கொண்டது திருமூலரின் 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்'. (நான் உங்கள் கட்சி இல்லை. இருந்தாலும் நியாயம் நியாயம்தானே.)

உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். கட்சி செய்வது தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாள். எனக்கும் அப்படி ஒன்று உண்டு: தேர்தலுக்கு முந்தைய இரவு, ரப்பர் பேண்ட் போட்ட கவர்க்கட்டு, கையில் வாக்காளர் பட்டியல். மறுக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது அதைத்தான், உறுப்பினர் அட்டையை அல்ல.

ஒன்று செய்து பாருங்கள். மனசாட்சிக்கு ஒவ்வாத எதையாவது கிளைக் கூட்டத்தில் கடைசியாக எப்போது எதிர்த்துப் பேசினீர்கள்? ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை என்றால் சிக்கல் அங்கேதான்.

ஆனால் கருக்கலைப்பு போன்ற ஒன்றை ஆதரிக்கிறது என்பதற்காகவே ஒரு கட்சியை நீங்கள் தேர்ந்துகொண்டிருந்தால் கதை வேறு. அதைப் பங்குத்தந்தையிடம் நேரில் பேசுங்கள்.