மூட்டு வலி போய்விட்டது, பென்சிலின் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு வருடம் முன்பு மூட்டுகள் வீங்கி, விடாமல் காய்ச்சல் அடித்தது. ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வில் லேசான கசிவு என்றார்கள். 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். ஊசி என்றாலே அழுகை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த ஊசி பழைய பாதிப்பை ஆற்றுவதற்கல்ல, அடுத்த தொண்டைத் தொற்று வராமல் தடுப்பதற்கு.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையோடு நின்றுவிடும். வால்வுக்கு அது போவதில்லை. ஆனால் அதன் மேலுள்ள புரதம் நம் இதயத் திசுவின் புரதத்தைப் போலவே இருப்பதால், கிருமியை அடிக்கக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, மூட்டையும் வால்வையும் சேர்த்து அடிக்கிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படியில்லை. ஒவ்வொரு தாக்குதலிலும் இன்னும் கொஞ்சம் தடித்துச் சுருங்கும். பல வருடம் சத்தமே இருக்காது. சில பெண்களுக்கு கர்ப்ப காலத்தில் மூச்சிரைக்கும்போதுதான் முதன்முதலாகத் தெரியவரும்.

உகாண்டாவில் ஆரம்பநிலை வால்வு பாதிப்புள்ள 818 பிள்ளைகளை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கும் பாதிப்பு கூடியது. 2022இல் வெளியான ஆய்வு இது.

எத்தனை வருடம்? இதயத்தில் பாதிப்பு இருந்தவர்களுக்குக் குறைந்தது 10 வருடம். வால்வின் நிலையைப் பொறுத்து அது 25 அல்லது 40 வயது வரைகூடப் போகலாம். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோனதைக் காட்டும் ஏஎஸ்ஓ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் இதே ஊசியைப் போட்டுவருபவர்கள் உண்டு. அது தேவையில்லாத வேலை.)

வலிக்கு வழி இருக்கிறது. மருந்து பால் போலக் கெட்டியாக இருக்கும். வேகமாக ஏற்றினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகப் போடச் சொல்லுங்கள். லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைக் கலந்து போடலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். போடும் பக்கத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வாமைக்கு முதலுதவி செய்ய வசதியுள்ள இடத்தில் மட்டும் போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பல் மருத்துவரிடம் போனால் வால்வு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் தாண்டினால் மருந்தின் அளவு இறங்கிவிடும். அதனால் பரீட்சை, கல்யாணம் என்று ஏதாவது குறுக்கே வந்தால் ஊசியைத் தள்ளிப்போடாமல், இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.