உறை பிரிக்காத காற்றுப் பை

தொழிற்சாலை ஆய்வாளர் வேலையில் காலத்தைக் கழித்துவிட்டு இப்போது தேவகோட்டையில் ஓய்வில் இருக்கிறேன். ரசாயன ஆலைகளின் பாதுகாப்பு விதிகள் பற்றிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பிரிவு எண்கள் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி. அதற்கு மாற்றாக 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது; அதில் எண்கள் வேறு, சில அளவுகளும் வேறு.

கல்லலிலிருந்து ஒரு தொழிலாளி: ஐயா, எங்கள் ஆலையில் குளோரின் டன்னர் (வாயு அடைத்த பெரிய உருளை) வால்வு கசிகிறது. புகார் செய்தால் என் பெயர் வெளியே வருமா?

வரக்கூடாது, தம்பி. 118ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். புகார் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்றுகூட நிர்வாகத்திடம் சொல்லக்கூடாது. ஆபத்து நெருங்கியிருக்கிறது என்று தோன்றினால் மேலாளரிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்ல 41எச் உங்களுக்கு உரிமை தருகிறது. போபாலுக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் வந்த பிரிவு அது. நேரில் வரும் ஆய்வாளருக்கு ஆபத்து உடனடியானது என்று பட்டால் 87ஏ-இன்படி அந்த இடத்தில் வேலையை நிறுத்தி எழுத்தில் ஆணையிடலாம். அது மூன்று நாள் செல்லும். அதற்குமேல் நீட்டிப்பது தலைமை ஆய்வாளர் கையில். நிறுத்திய நாட்களுக்குக் கூலி உண்டு. இதை உங்கள் சகாக்களிடமும் சொல்லுங்கள்; பலர் வாய் திறக்காததற்குக் காரணம் கூலி பயம்தான்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆலை உரிமையாளர்: எங்களிடம் 10 டன்னுக்குக் குறைவாகத்தான் குளோரின் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகள் எங்களைக் கட்டுப்படுத்தாதுதானே?

ஒரு டன்னரில் 900 கிலோ. பதினொன்று வைத்தால் 9.9 டன். இந்தக் கணக்கை எனக்கு முன்னால் போட்டுக் காட்டியவர்கள் உண்டு. 10 டன்னைத் தொட்டால் ஆலைக்குள் அவசரகாலத் திட்டம், 25 டன்னைத் தொட்டால் பாதுகாப்பு அறிக்கை என்பது சரிதான். ஆனால் 4-ஆம் விதி ஆலைக்குள் எத்தனை டன் என்று பார்ப்பதில்லை. என்ன விபரீதம் நேரக்கூடும் என்று கண்டறிவதும், அதைத் தடுப்பதும், தொழிலாளிக்குப் பயிற்சியும் கருவியும் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. பன்னிரண்டாவது டன்னர் வந்தால்தான் குளோரின் மூச்சை அடைக்கும் என்று யார் சொன்னது?

காரைக்குடியிலிருந்து ஒரு மாணவர்: காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும்போது குறையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

காகிதத்தையே கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. ஓர் ஆலையில் மூன்று ஆண்டுப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தது. ஒரு ஒத்திகை மாட்டுப் பொங்கலன்று! அன்று ஆலைக்கே விடுமுறை. நான் ஒன்றும் சொல்லாமல் மொட்டைமாடிக்கு ஏறினேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிப்பை, வாங்கி வந்த பாலித்தீன் உறையோடு கம்பத்தில் கட்டியிருந்தது. கீழே வந்து பணியிலிருந்த ஆபரேட்டரிடம், இப்போது கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேட்டேன். வாசலைக் காட்டினார். காற்று வாசலை நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது.

போபாலிலும் குளிர்பதன அமைப்பு இருந்தது, நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரமும் இருந்தது, குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதனால்தான் எது இருக்கிறது என்று கேட்பதோடு நான் நிற்பதில்லை. ஓடவிட்டுக் காட்டுங்கள் என்பேன்.

புதுவயலிலிருந்து: ஹைட்ரோஸ் டிரம் அடுக்கியிருக்கும் கொட்டகை மழையில் ஒழுகுகிறது. இதெல்லாம் ஒரு குற்றமா?

பெரிய குற்றம். ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட். அதில் கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறும், கந்தக டை ஆக்சைடைக் கக்கும், தீயும் பிடிக்கும். 1995-இல் அமெரிக்காவின் லோடி நகரத்தில் இதே பொருளை அலுமினியத் தூளோடு கலக்கும்போது கலவை இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. வெடித்ததில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் கூரையை மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குற்றம் ஆய்வாளருக்குத் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் பழைய சட்டத்தின் 106-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிட்டது. அங்கே தேதியிட்ட நகல்தான் பேசும்.

ஆத்தங்குடியிலிருந்து: கையால் ஓடு போடுகிறோம், எட்டுப் பேர். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

மின்சாரமில்லாமல் வேலை நடந்தால் பழைய சட்டப்படி 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கணக்கிடப்பட்டது. சிமெண்ட் தூளுக்கு முகக்கவசம் மட்டும் போடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: ஆலைச் சங்கு ஊதினால் வீட்டிலிருக்கும் நாங்கள் என்ன செய்ய?

அதை ஆலைக்காரரே முன்கூட்டி உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஆச்சி. மேலே சொன்ன அளவு எட்டிய ஆலைகளுக்கு 1989 விதிகளில் 15-ஆம் விதி அதைக் கடமையாக்குகிறது. சொல்லவில்லை என்றால் ஊராட்சி மூலம் ஆட்சியருக்கு எழுதுங்கள். குளோரின் காற்றைப்போல இரண்டரை மடங்கு கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். முற்றத்தில் நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போய், கதவு சன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைச் செருகுங்கள்.