பழைய தோல் கைப்பையை வீட்டிலேயே சுத்தம் செய்து புதுசு போல ஆக்க முடியுமா? தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேட்டவர் செகண்ட் ஹேண்டில் 600 ரூபாய்க்கு ஒரு பழுப்புத் தோல் பை வாங்கியிருக்கிறார். கைப்பிடி கறுத்திருக்கிறது, மூலைகள் தேய்ந்து வெளுத்திருக்கின்றன, உள்ளே முடை நாற்றம். தேங்காய் எண்ணெய் தடவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.

சுத்தம் செய்யலாம், ஓரளவு மீட்கவும் முடியும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் தடவிக் கெடுத்தவள் நான்.

எனக்கு வேலூர் சத்துவாச்சாரி, புகுந்த வீடு பேர்ணாம்பட்டு. மாமனார் ஆயுசு முழுக்கத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தவர். நானே ராணிப்பேட்டையில் ஏற்றுமதிக்குக் கைப்பை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஆறு வருஷம் இருந்தேன். அப்படியும் முதன்முதலில் வாங்கிய பழைய பைக்கு, வெள்ளிக்கிழமை தலைக்குத் தேய்க்கிற மாதிரி எண்ணெய் தேய்த்து ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் தேன் நிறப் பை திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது. மாமா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வதக்கின கத்திரிக்காயாட்டம் பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

"ஷாப்பில் நீங்களும் எண்ணெய் போடுவீங்கதானே மாமா?" என்று கேட்டேன்.

"போடுவோம். தண்ணில பால் மாதிரி கரைச்சு, டிரம்முல போட்டுச் சுத்துவோம். அது நார் நாராப் போய் உக்காரும். நீ மேல ஊத்தினா எங்க தாகமோ அங்க மட்டும் குடிக்கும்."

திட்டு விழுந்ததற்குக் காரணம் அதுதான். வறண்ட இடம் அதிகம் உறிஞ்சும், மற்ற இடம் உறிஞ்சாது. உள்ளே போன எண்ணெயை வெளியே எடுக்க வீட்டில் வழி கிடையாது. போதாக்குறைக்கு மேலே தங்கிய எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பை இன்னமும் என்னிடம் இருக்கிறது, ரேஷன் கார்டும் பழைய ரசீதுகளும் வைக்க.

அதனால் சோப்பு, எண்ணெய், கிரீம் எதையும் எடுப்பதற்கு முன்னால் இது என்ன தோல் என்று பாருங்கள். பையின் அடிப்பக்கத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு முத்து மாதிரி நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது. கடையில் கிடைக்கிற பெரும்பாலான பைகள் இந்த வகைதான். நீங்கள் தொடுவது தோலை அல்ல, அதன் மேல் இருக்கிற மெல்லிய பெயின்ட் மாதிரியான ஒரு படலத்தை. சொட்டு உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் பூச்சு இல்லாத தோல், அல்லது பட்டையில் பதனிட்ட தோல். அதை ரொம்பப் பதமாகக் கையாள வேண்டும்.

அதற்கும் முன்னால், அது தோல்தானா? தையல் பிரிந்த இடத்திலோ உள் ஜிப் ஓரத்திலோ வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியும் அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கும் தெரிந்தால் ரெக்சின். ரெக்சின் பொருக்கு விட்டு உதிர ஆரம்பித்தால் அதற்கு வைத்தியம் இல்லை, 600 ரூபாய் போனதென்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசனையை நம்ப வேண்டாம், அதையும் ஸ்பிரே அடித்து விற்கிறார்கள்.

பட்டையில் பதனிட்டது என்றேனே, அது எங்கள் பக்கத்துப் பழைய தொழில். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகளில் நாள் கணக்கில் ஊற வைத்துச் செய்வது. வியாபாரத்தில் ஈ.ஐ. தோல் என்பார்கள், ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். பிறகு வந்தது குரோம் உப்பில் பதனிடுவது. சீக்கிரம் முடியும், தோலும் மெத்தென்று இருக்கும், வெந்நீரையும் தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் பேர் வாங்கியது இந்தத் தொழிலால், பாலாறு கெட்டதும் இதே தொழிலால். 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை அது. அந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு, ஏற்கெனவே பதனிட்டு முடிந்த ஒரு தோலைக் குப்பையில் போட மனசு வராது. பழைய பை வாங்குகிற பழக்கம் எனக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம்.

பையைக் காலி செய்து, உள் துணியை வெளியே இழுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் மூலைத் தூசியைத் தட்டுங்கள். வெளிப்பக்கம் முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். மீதிக்கு, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் பேபி ஷாம்பு விட்டு நுரைக்க அடித்து, நுரையை மட்டும் துணியில் தொட்டு, கை வைத்து அழுத்தாமல் துடையுங்கள். உடனே ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. ஒரு மூலை முதல் இன்னொரு மூலை வரை ஒரே மூச்சில் செய்யுங்கள். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். துணி சோப்பும் பாத்திர சோப்பும் ஆகாது. தோல் அமிலப் பக்கம் இருக்கிற பொருள், பி.எச். 4 சுற்று வட்டாரத்தில் இருக்கும். கட்டி சோப்பு காரப் பக்கம், 9, 10 வரை போகும். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பதும் அதே கதைதான்.

காய வைப்பது ஃபேன் காற்றில், நிழலில். உள்ளே பழைய வெள்ளைத் துணியைத் திணித்து வையுங்கள். செய்தித்தாள் என்றால் மை ஒட்டும். எங்கள் ஊர் கத்திரி வெயிலில் மாடியில் போட்டால் சாயங்காலம் அப்பளம்தான் கிடைக்கும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பவர்களும் உண்டு. ஈரத்தோலில் அவ்வளவு சூடு பட்டால் சுருங்கி விறைத்துவிடும், பட்டைத்தோல் குரோமை விடச் சீக்கிரம் சுருங்கும்.

எண்ணெய்க் கறை புதிதாக இருந்தால் முகப் பவுடரோ சோள மாவோ தூவி ஒரு ராத்திரி விட்டுத் தட்டுங்கள். பேனா மைக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் போடாதீர்கள். மையோடு சேர்த்துப் பூச்சையும் கரைத்து எடுத்துவிடும், அப்புறம் மைக் கறையே தேவலாம் என்று தோன்றும். பூஞ்சணம் எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் வரும். வெளியே எடுத்துப் போய், மூக்கைக் கட்டிக்கொண்டு உலர்ந்த துணியால் துடைத்து, சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு லேசாக ஒற்றுங்கள். நிறம் துணிக்கு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முடை நாற்றத்துக்கு அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து பைக்குள் வைத்து, பையை ஒரு டப்பாவில் மூடி நான்கைந்து நாள் விடுங்கள். ரசகற்பூர உருண்டை போட்டால் நாற்றம் போகாது, இரண்டு நாற்றமாகும். உள்ளே கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அப்படியானால் அது அழுக்கில்லை. உள் துணியின் பிளாஸ்டிக் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து போயிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் திரும்பத் திரும்ப ஒட்டும். கத்தரித்து எடுத்துவிட்டுப் பருத்தித் துணி தைப்பதுதான் வழி. எங்கள் தெரு டெய்லர் 200 ரூபாய் வாங்குகிறார், துணி நம்முடையது.

போன வருஷம் கையில் வந்த ஒரு பையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கியிருந்த ஓர் அம்மா, ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய சாந்திநிகேதன் தோல் பையை என்னிடம் கொடுத்தார். அழுத்திப் பதித்த பூ வேலைப்பாடு, சிவப்பும் பச்சையுமாகச் சாயம். மூடியில் பத்துப் பைசா அளவுக்கு நீலக்கறுப்பாக ஒரு வட்டம். இரும்பு ஊக்கைக் குத்தி வைத்திருந்து, மழையில் நனைந்ததாம். நான் மை என்று நினைத்துவிட்டேன். மாமா பையை மோந்து பார்த்தார், விளிம்பை நகத்தால் கீறினார்.

"பட்டைத் தோலு. இரும்பு பட்டா கறுக்கும். அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதிங்கிற இரும்பு உப்பும் போட்டு மை காய்ச்சுவாங்களே, அதேதான் இது."

சாந்திநிகேதன் பைகளுக்கு ஈ.ஐ. வகை ஆட்டுத்தோல்தான் போகிறது. தமிழ்நாட்டுத் தோல் வங்காளம் போய்ப் பூப்போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கே திரும்பி வந்திருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடும் உண்டு.

ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, வட்டத்துக்குள் மட்டும் வைத்தேன். தேய்க்கவில்லை. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கறுப்பு ஓரத்திலிருந்து சாம்பலாகி, மூன்றாவது தடவை தொட்டபோது கண்ணெதிரே தோல் நிறம் வந்தது. சுத்தத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் இரண்டு முறை ஒற்றிச் சாற்றை எடுத்தேன். பக்கத்துச் சிவப்புச் சாயம் கொஞ்சம் கசிந்ததை மறைக்க மாட்டேன், உற்றுப் பார்த்தால் தெரியும். இந்த வைத்தியம் பட்டைத்தோலில் விழுந்த இரும்புக் கறைக்கு மட்டும். மற்ற கறைக்கு எலுமிச்சையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பையின் பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற யோசனையும் வேண்டாம், பல பைகளில் அது வெறும் முலாம்தான்.

உங்கள் பையின் தேய்ந்த மூலைகளுக்கு வருகிறேன். ஷூ பாலிஷ் போடச் சொல்வார்கள். போட்டேன், பளபளத்தது. அடுத்த நாள் கல்யாணத்தில் என் மாம்பழ மஞ்சள் காட்டன் புடவையின் இடுப்பில் கறுப்பாக ஒரு கோடு. ஷூ எதிலும் உரசாது, பை நாள் முழுக்கத் துணியில் உரசும். அதனால் தோலுக்கென்று விற்கிற அக்ரிலிக் கலர் வாங்குங்கள். ஆன்லைனில் கிடைக்கும், சென்னை பெரியமேட்டுக் கடைகளிலும் விசாரிக்கலாம். மூலையில் ஸ்பிரிட்டை லேசாக ஒற்றி எண்ணெய்ப் பசை எடுத்து, ஸ்பாஞ்சில் ஒரு துளி கலர் தொட்டு, பாதியை வேறு எதிலாவது ஒற்றிவிட்டு, மீதியைத் தட்டித் தட்டி வையுங்கள். காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. நான்கு மெல்லிய பூச்சு தாங்கும், ஒரு கெட்டிப் பூச்சு மடிப்பில் வெடிக்கும். கடைசியில் அதன் மேல் காப்பாகப் பூசுகிற டாப் கோட். நிறம் சரியாகப் பொருந்தாவிட்டால் கொஞ்சம் கருமையான பக்கமே போங்கள், வெளுப்பாக இருந்தால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும்.

மெருகுக்குத் தேன்மெழுகு கலந்த லெதர் கிரீம், சுண்டைக்காய் அளவு, முழுப் பைக்கும் அவ்வளவுதான். சொட்டு முத்தாக நிற்கிற பைக்கு அதுவும் எப்போதாவதுதான் வேண்டும், பூச்சைத் தாண்டி உள்ளே போகாது. ஏற்கெனவே வெடித்த இடம் எந்தக் கிரீம் போட்டாலும் ஒன்று சேராது, அங்கே நார் அறுந்துவிட்டது.

ஜிப் இறுக்கமாக இருந்தால் மெழுகுவத்தியைப் பல்லின் மேல் தேய்த்தால் போதும். ஓடியும் மூடாமல் வாய் பிளந்தால் ரன்னரைக் குறட்டால் ஒரு துளி அழுத்துங்கள்.

கறுத்த கைப்பிடிதான் கஷ்டம். அது வருஷக் கணக்கான கை வேர்வையும் எண்ணெயும். சொட்டு முத்தாக நிற்கிற பை என்றால் ஷாம்பு நுரையில் இரண்டு மூன்று தடவையில் நன்றாகவே வெளுக்கும். உறிஞ்சுகிற பை என்றால் அந்தக் கறுப்பு உள்ளே போய்விட்டது, தேய்த்தால் தோல்தான் பிய்யும். நான் அப்படிப்பட்ட ஒரு பைக்குக் கைப்பிடி இரண்டையும் கழற்றிவிட்டு, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து அடர் பழுப்பில் புதுசாகப் போட்டு வாங்கினேன். பழைய தையல் ஓட்டையிலேயே தைக்கச் சொல்லுங்கள், புது ஓட்டை போட்டால் பழைய தோல் அந்த வரிசையில் கிழியும்.